குடைமிளகாய் பறிக்கும் ரோபோ செய்யப் போகிறீர்களா? முதலில் கவாத்துக் கத்தரியை எடுங்கள்

அறுவடை ரோபோ என்று புராஜெக்ட் தலைப்பு வைத்ததும் முதல் வேலையாக ஆன்லைனில் ரோபோ கை தேடுகிறவர்கள்தான் அதிகம். கடைசி வருட இன்ஜினியரிங் மாணவர், பாலிஹவுஸ் இருக்கும் வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பிள்ளை, ஆபீஸ் முடிந்து வந்து எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர்க்காரர், யாராக இருந்தாலும் இதே கதைதான். கை வந்து சேரும், மேஜை மேல் வைத்த காயை அழகாக எடுக்கும், வீடியோவும் நன்றாக வரும், அதையே செடிக்குப் பக்கத்தில் கொண்டு போனால் இலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இந்த வேலையில் எதை முதலில் செய்யவேண்டும், எங்கே காசு போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்பதை ஒரே பயிரை வைத்துச் சொல்கிறேன். பயிர், பாலிஹவுஸில் (பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடிலில்) வளரும் கலர் குடைமிளகாய். ஓசூர்ப் பக்கம் நிறையப் பேர் போடுகிறார்கள், போய்ப் பார்ப்பது சுலபம்.

ஏன் இந்தப் பயிர்? நெல்லுக்கு ரோபோ தேவையே இல்லை. வயல் முழுக்க ஒரே நாளில் அறுக்கிற பயிருக்கு டெல்டாவில் பெல்ட் வண்டி (நெல் அறுவடை இயந்திரம்) வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அது எந்தக் கதிரையும் உற்றுப் பார்ப்பதில்லை, முன்னால் இருப்பதை எல்லாம் அறுத்துக்கொண்டு போகிறது. ரோபோ தேவைப்படுவது ஒரே செடியில் இன்று பறிக்க வேண்டிய காயும் அடுத்த வாரம் பறிக்க வேண்டிய காயும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போதுதான். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் அந்த வகை. இவற்றில் கலர் குடைமிளகாய் காய் பெரிது, தோல் கெட்டி, சிவப்போ மஞ்சளோ பச்சை இலைக்கு நடுவே பளிச்சென்று தெரியும். பச்சை நிறத்திலேயே பறிக்கும் ரகத்தை முதல் முயற்சிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், பச்சைக்குள் பச்சையைத் தேடுவது வேறு தலைவலி.

செடிதான் முதல் பாகம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2015 முதல் 2018 வரை ஸ்வீப்பர் என்றொரு திட்டம் நடந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம், இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகம், இன்னும் சிலர் சேர்ந்து குடைமிளகாய்க்கென்றே ஒரு ரோபோ செய்தார்கள். ஃபனக் கம்பெனியின் ஆறு அச்சுத் தொழிற்சாலைக் கை, ஆழம் பார்க்கும் கேமரா, சொந்தமாக விளக்கு, அதிரும் கத்தி என்று எதிலும் குறை வைக்கவில்லை. வணிகப் பசுமைக்குடிலில் 262 காய்களில் சோதித்தபோது, வழக்கமாக வளர்ந்த செடியில் அது வெற்றிகரமாகப் பறித்தது 18 சதவீதம். காயை மறைத்த இலைகளையும் கொத்துக் காய்களையும் எடுத்துவிட்டு அதே ரோபோவை விட்டார்கள், 61 சதவீதம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த ஹார்வி என்ற ரோபோவும் இதையே காட்டியது: செடியைத் தொடாமல் விட்டால் 46, இலையை ஒதுக்கிவிட்டால் 58. அப்புறம் ரோபோவையும் மேம்படுத்தி, ஒதுக்கிய செடியிலேயே 76.5 வரை போனார்கள்.

ஸ்வீப்பரின் அந்த 18-ஐயும் 61-ஐயும் நான் இப்படித்தான் படிக்கிறேன்: எந்தக் கேமராவும் எந்தப் புரோகிராமும் ஒரே அடியில் மூன்று மடங்கு முன்னேற்றம் தராது, இலையும் கிளையும் வெட்டுகிற கவாத்துக் கத்தரி தந்திருக்கிறது. இது புதுசும் இல்லை. 1960களில் கலிபோர்னியாவில் தக்காளி அறுவடை இயந்திரம் வந்தபோது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோபி லோரென்சன் இயந்திரத்தை வடிவமைத்தார், அங்கேயே ஜாக் ஹன்னா அந்த இயந்திரத்தின் உலுக்கலைத் தாங்குகிற, ஒரே சமயத்தில் பழுக்கிற தக்காளி ரகத்தை உருவாக்கினார். ரகம் இல்லாமல் இயந்திரம் மட்டும் வந்திருந்தால் சாஸ்தான் கிடைத்திருக்கும்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? புது ரகம் உருவாக்கச் சொல்லவில்லை. ஒரு பாலிஹவுஸ்காரரிடம் பேசி ஒரே ஒரு வரிசையை உங்கள் பேரில் ஒதுக்கச் சொல்லுங்கள். குடைமிளகாய்ச் செடி ஓரளவு வளர்ந்ததும் தானாகவே கவை விடும், அந்தக் கவையில் முதல் பூ வரும். அந்த முதல் பூவைக் கிள்ளிவிட்டு இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். பல இடங்களில் நான்கு தண்டு விடுகிறார்கள், விளைச்சலுக்கு அது சரி, உங்கள் ரோபோவுக்குச் சரி இல்லை. ஒவ்வொரு தண்டையும் மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் சுற்றி ஏற்றுங்கள். பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு இலை விட்டுக் கிள்ளுங்கள். முக்கியமாக, ஒரு கணுவில் ஒரு காய்க்கு மேல் விடாதீர்கள், இரண்டு காய் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் கேமராவுக்கு அது ஒரே பெரிய காய், கத்திக்கு எந்தக் காம்பு எந்தக் காயுடையது என்ற குழப்பம். பறிக்கிற நாளுக்கு முந்தின நாள் காய் மட்டத்தில் பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். மொட்டை அடிக்க வேண்டாம், இலை நிழல் போனால் காயில் வெயில் சூடு பட்டு வெள்ளைத் தழும்பு விழும், அப்புறம் அடுத்த முறை அந்தப் பாலிஹவுஸ் கதவு உங்களுக்குத் திறக்காது.

இன்னொன்று, நம்மூரில் பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலப் பாத்தியில் ஜோடி வரிசையாக நடுகிறார்கள். பாதையில் நிற்கும் ரோபோவுக்குத் தன் பக்கத்து வரிசையின் முன்பக்கம் மட்டும்தான் எட்டும், இரண்டு வரிசைக்கும் நடுவே உள்நோக்கித் தொங்கும் காய் அதன் கண்ணில் படாது. ஒற்றை வரிசையாக நட்ட பாத்தி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தண்டுகளைச் சற்றுப் பாதைப் பக்கம் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள், உள்பக்கக் காயை ஆள் பறிக்கட்டும். எல்லாக் காயையும் ரோபோவே பறிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாலிஹவுஸ் காய்கறியை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்றால் திண்டுக்கல் அருகே ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், தண்டு விடுவதும் கயிறு கட்டுவதும் நேரில் பார்த்தால்தான் புரியும்.

ரோபோ கை வாங்காதீர்கள்

கிட்டாகக் கிடைக்கும் சின்னக் கைகளில் இருக்கும் எம்ஜி996ஆர் என்ற சர்வோ மோட்டாரின் உச்ச முறுக்குவிசை சுமார் 10 கிலோ-சென்டிமீட்டர். மோட்டார் திணறி நிற்கிற நிலையில் தருகிற கணக்கு அது. கை 40 சென்டிமீட்டர் நீண்டால் நுனியில் அது தாங்குவது 250 கிராம், அதாவது ஒரு நல்ல காயின் எடை, கையின் சொந்த எடைக்கும் கத்திக்கும் மிச்சம் எதுவும் இல்லை. டோபாட் மேஜீஷியன் போன்ற மேஜைக் கை 500 கிராம் தூக்கும், ஆனால் எட்டுவது 32 சென்டிமீட்டர்தான். தொழிற்சாலைக் கை வாங்கினால் இந்தப் பிரச்சினை எல்லாம் இல்லை, விலையில் மட்டும்தான் பிரச்சினை.

இரண்டு தண்டு விட்டுக் கயிற்றில் ஏற்றிய வரிசை கிட்டத்தட்ட ஒரு பச்சைச் சுவர். சுவரில் வேலை செய்ய ஆறு அச்சு எதற்கு? மூன்று போதும்: வரிசை நெடுக இடம்-வலம், மேலே-கீழே, செடியை நோக்கி உள்ளே-வெளியே. சிஎன்சி மிஷினை நிமிர்த்தி வைத்தது போன்ற சட்டம். அலுமினியச் சட்டங்கள், ஸ்டெப்பர் மோட்டார், ஆர்டுயினோவும் சிஎன்சி ஷீல்டும், அதில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாயங்காலத்தில் வாங்கிவிடலாம். ஜிஆர்பிஎல்லில் சிஎன்சிக்கு உள்ள வசதிகளை அப்படியே திருப்பிக்கொள்ளலாம், குளிர்நீர் பம்ப்புக்கான எம்8 கட்டளையில் காயைப் பிடிக்கும் உறிஞ்சு பம்ப், கத்தி மோட்டாருக்கு எம்3. பைத்தானிலிருந்து சீரியல் வழியாக ஒரு வரி அனுப்பினால் நகரும். ராஸ் 2, மூவ்இட் போன்ற ரோபோ மென்பொருள்கள் எல்லாம் நல்ல சாமான்கள்தான், ஆனால் மூன்று நேர்கோட்டு அச்சுக்கு அவற்றைக் கற்றுக்கொண்டு உட்கார்ந்தால் காய் அழுகிவிடும்.

மேல்-கீழ் அச்சில் மட்டும் யோசியுங்கள். 3டி பிரின்டரில் வரும் டி8 திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும், மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு 40 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் ஏற 25 நொடி. ஒரு காய்க்கு இவ்வளவு நேரம் ஏறுவதற்கே போனால் என்ன பிரயோஜனம்? ஜிடி2 பெல்ட்டும் 20 பல் சக்கரமும் போட்டால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர், அதே மோட்டார் நொடிக்கு 200 மில்லிமீட்டர் போகும். ஆனால் கரண்ட் போனால் பெல்ட்டில் தொங்குவது தொப்பென்று கீழே வரும், கத்தியோடு. எதிர் எடை கட்டுங்கள் அல்லது பிரேக் உள்ள மோட்டார் போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நெதர்லாந்தில் வரிசைகளுக்கு நடுவே சுடுநீர்க் குழாய் ஓடும், குளிருக்குச் சூடு தருகிற அதே குழாயில்தான் வண்டியும் ஓடுகிறது. நமக்கு அது கிடையாது, பாதை மண். இரண்டு ஜிஐ பைப்பை இணையாகப் போட்டு மட்டம் பார்த்து அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள், முதல் ரோபோவுக்கு வண்டி தானாக ஓடவே வேண்டாம், கையால் தள்ளுங்கள். ஒரு மீட்டர் முடிந்ததும் அடுத்த மீட்டருக்குத் தள்ளினால் போதும். பாதை பெரும்பாலும் அரை மீட்டர்தான் இருக்கும், கை (செடியை நோக்கி நீளும் அச்சைத்தான் இனி இப்படிச் சொல்கிறேன்) முழுசாகப் பின்வாங்கிய நிலையில் அதற்குள் அடங்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே வரைந்து பாருங்கள். உயரமும் ஒல்லியுமான வண்டி என்பதால் பேட்டரியை அடித்தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் கை நீளும்போது செடி மேலேயே சாயும்.

பார்ப்பது

பாதை குறுகல் என்பதே கேமராவையும் முடிவு செய்துவிடும். ஆழம் பார்க்கும் கேமராக்களில் ரியல்சென்ஸ் டி435 முழுத் தெளிவில் சுமார் 28 சென்டிமீட்டருக்கு அப்பால்தான் ஆழத்தை ஒழுங்காகச் சொல்லும், டி405 ஏழு சென்டிமீட்டரிலிருந்தே சொல்லும். கை நுனியில் கேமராவைப் பொருத்திக் காய்க்குக் கிட்டே போய்ப் பார்க்கப் போகிறோம், அதனால் டி405. மைக்ரோசாஃப்டின் பழைய முதல் தலைமுறை கினெக்ட் கேமராவை யாராவது சும்மா கொடுத்தால்கூட இதற்கு வேண்டாம், வெயில் வெளிச்சத்தில் அது குருடு.

வெளிச்சம்தான் இதில் பெரிய எதிரி. காலையில் ஒரு நிறம், மேகம் வந்தால் ஒரு நிறம், மதியம் பளபளத் தோலில் வெள்ளைத் திட்டு. ஸ்வீப்பர் குழுவிலிருந்து வந்த ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரே இடத்தில் இரண்டு படம் எடுப்பது, ஒன்று ஃபிளாஷ் இல்லாமல், அடுத்த கணமே ஃபிளாஷோடு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டால் வெயிலின் பங்கு போய்விடும், உங்கள் விளக்கு போட்ட வெளிச்சம் மட்டும் மிஞ்சும், அது எப்போதும் ஒரே மாதிரி. கிட்டத்தில் இருப்பது பிரகாசமாகவும் பின் வரிசை இருட்டாகவும் வருவதால் பின்னால் இருக்கும் காயோடு குழப்பமும் குறையும். இதெல்லாம் வேண்டாம் என்றால் இரவில் பறியுங்கள். ரோபோவுக்குத் தூக்கம் வராது, இரவில் சூடும் இல்லை, உங்கள் எல்இடி மட்டும்தான் வெளிச்சம்.

காயைக் கண்டுபிடிக்கும் மாடலுக்குப் படம் நீங்களே எடுங்கள், இணையத்தில் கிடைக்கும் சூப்பர்மார்க்கெட் குடைமிளகாய்ப் படங்கள் உதவாது. எத்தனை வேண்டும்? 2016-இல் அதே குயின்ஸ்லாந்து குழு சுமார் 100 குடைமிளகாய்ப் படங்களை வைத்தே, ஏற்கெனவே பயிற்சி பெற்ற நெட்வொர்க்கைப் பழக்கி நல்ல முடிவு காட்டினார்கள். சில நூறு படங்களோடு தாராளமாக ஆரம்பிக்கலாம், ஆனால் வேறு வேறு நேரம், வேறு வேறு பருவம், மறைந்த காய், பாதி நிறம் மாறிய காய் எல்லாம் இருக்கட்டும். காய், காம்பு, தண்டு மூன்றையும் தனித்தனியாக ஓரம் வரைந்து குறியுங்கள். சலிப்பான வேலைதான், நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் செய்ய வையுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் கவனம். வீடியோவிலிருந்து படங்களை எடுத்து, கலைத்துப் போட்டு, பயிற்சிக்கு இவ்வளவு சோதனைக்கு இவ்வளவு என்று பிரித்தால், அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் ஒன்று பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழும். மாடல் ஏற்கெனவே பார்த்த காயையே மறுபடி பார்த்து 98 சதவீதம் என்று பீற்றிக்கொள்ளும். வரிசை வாரியாகப் பிரியுங்கள்: பயிற்சிக்கு எடுத்த வரிசையில் ஒரு படம்கூடச் சோதனைக்குப் போகக்கூடாது. எண் குறையும், பரவாயில்லை, அதுதான் நிஜ எண். புராஜெக்ட் ரிப்போர்ட்களில் வரும் பல பிரமாதமான சதவீதங்களை நான் நம்பாததற்குக் காரணமும் இதுதான்.

பயிற்சியை கூகுள் கோலாபில் ஓட்டலாம், படத்தில் பொருளைக் கண்டுபிடிக்கும் யோலோவின் சின்ன செக்மென்டேஷன் (ஓரம் பிரித்துக் காட்டும்) மாடல் போதும். வண்டியில் ஓட்டுவதற்கு ஜெட்சன் ஓரின் நானோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் ராஸ்பெர்ரி பை 5 போதும். நமக்கு வீடியோ வேகம் வேண்டியதில்லை, ஒரு காய்க்கு ஓரிரு படம்தான், ஒரு நொடி யோசித்தாலும் குடிமுழுகிவிடாது. ஆழம் எடுக்கும்போது காயின் நடுப் புள்ளியில் ஒரே ஒரு அளவை நம்பாதீர்கள், பளபளப்பு விழுந்த இடத்தில் அளவே வராது. காயின் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே சுருக்கி, மிச்சப் பரப்பில் வரும் ஆழங்களின் இடைமதிப்பை (மீடியன்) எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமரா பார்க்கும் இடத்தையும் கை போகும் இடத்தையும் ஒத்திசைப்பது. எந்தப் பாடத்தைப் பார்த்தாலும் ஓபன்சிவி என்ற பட மென்பொருளின் கை-கண் அளவீட்டு வசதியைப் பயன்படுத்து, சதுரங்கப் பலகையைப் பல கோணத்தில் காட்டு என்று இருக்கும். அது சுழலும் மணிக்கட்டு உள்ள கைக்கு. நம்முடைய மூன்று அச்சுச் சட்டம் சுழலவே சுழலாது, நேராக மட்டும் நகரும், அப்படி நகர்ந்து எடுத்த அளவுகளிலிருந்து கேமராவுக்கும் கத்திக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தக் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது, ஏதோ ஒரு விடை வரும், அது தப்பாக இருக்கும். நேரடி வழி ஒன்று இருக்கிறது: பலகையில் ஒரு மூலையைக் கேமராவில் பார்த்து அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கத்தி இருக்கும் இடத்தில் ஒரு கூரான கம்பியைப் பொருத்தி அதே மூலையை மெதுவாகத் தொடுங்கள், எவ்வளவு நகர்ந்தீர்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய அளவு. நான்கைந்து மூலையில் செய்து சராசரி எடுத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிழைக்குள் வந்துவிடலாம். கேமராவைக் கழற்றி மாட்டினால் மறுபடி செய்யுங்கள்.

பிடிப்பதும் வெட்டுவதும்

தக்காளிக் காம்பில் ஒரு முட்டி இருக்கும், திருகினால் அங்கே உடைந்து வரும். குடைமிளகாயில் அது கிடையாது, காம்பு கட்டை மாதிரி, இழுத்தால் கிளையோடு பிய்ந்து வரும். ஆகவே வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டும்போது காயை யாராவது பிடித்திருக்கவும் வேண்டும்.

பிடிக்க விரல்கள் செய்வதைவிட உறிஞ்சு கப் சுலபம். விரல் காயைச் சுற்றிப் போக இடம் வேண்டும், இலை நடுவே அந்த இடம் இருக்காது. கப் முன்னாலிருந்து ஒரே தொடுதல். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்பில் 30 கிலோபாஸ்கல் அளவுக்கு வெற்றிடம் வந்தாலே கணக்குப்படி 37 நியூட்டன் பிடி, 200 கிராம் காயின் எடை வெறும் 2 நியூட்டன். காயின் மேடு பள்ளத்தில் காற்றுக் கசிந்து பாதி போனாலும் மிச்சம் ஏராளம். மடிப்பு மடிப்பாக இருக்கும் மென்மையான சிலிகான் கப் வாங்குங்கள், மேடு பள்ளத்துக்கு அதுதான் வளைந்து கொடுக்கும். குழாயில் ஒரு சின்ன அழுத்த சென்சார் போட்டுவிட்டால் பிடித்ததா இல்லையா என்று அதுவே சொல்லும், அதற்குக் கேமரா வேண்டாம்.

வெட்டுவதற்கு, தச்சு வேலையில் பயன்படுத்தும் அதிரும் மல்டி டூல் போன்ற தட்டைக் கத்தி நல்லது. ஸ்வீப்பரிலும் ஹார்வியிலும் அதிரும் கத்திதான். கத்தரி வகையில் இரண்டு அலகும் காம்பின் இரு பக்கம் சரியாக நுழையவேண்டும், ஐந்து மில்லிமீட்டர் தப்பினாலும் காற்றைத்தான் வெட்டும். தட்டைக் கத்தி அகலமானது, காம்பு அதன் பாதையில் எங்காவது இருந்தால் போதும். ஆபத்து என்னவென்றால் காம்போடு நிற்காமல் தண்டையும் வெட்டிவிடும், அதனால் கத்திக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி வைத்து இதற்கு மேல் உள்ளே போகாதே என்று இயந்திர ரீதியாகவே கட்டிப்போடுங்கள், புரோகிராமை மட்டும் நம்பாதீர்கள்.

கப்பையும் கத்தியையும் ஒரே துண்டில் இறுக்கிப் பொருத்தினால் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு காயிலும் காம்பு வேறு உயரத்தில் இருக்கும், கப் காயின் வயிற்றில் பிடிக்கும்போது கத்தி எங்கோ நிற்கும். ஹார்வியில் இதை மிக எளிமையாகத் தீர்த்தார்கள்: கப் ஒரு வளையும் பட்டையில் தொங்குகிறது, கத்தியின் அடியில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. கப் காயைப் பிடித்ததும் கை மேலே நகர்கிறது, காந்தம் விடுபடுகிறது, கப் காயோடு நிற்கிறது, கத்தி மட்டும் காம்பு இருக்கும் உயரத்துக்குப் போய் வெட்டுகிறது. கூடுதல் மோட்டார் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் காசுக்கு அதிகப் பலன் தரும் யோசனை இதுதான், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

காம்பு கேமராவில் தெரியாவிட்டால்? காயின் உச்சிக்கு மேலே ஓரிரு சென்டிமீட்டரில் காம்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டு வெட்டலாம், நேராகத் தொங்கும் காய்க்கு அது பலிக்கும். கோணலாகத் தொங்குவதை விட்டுவிடுங்கள். வெட்டிய காம்பு நீளமாக இருந்தால் கிரேட்டில் பக்கத்துக் காயைக் குத்திக் கிழிக்கும் என்பதையும் பாலிஹவுஸ்காரர் கட்டாயம் சொல்லுவார்.

கத்தி விஷயத்தில் இன்னொரு பயமும் உண்டு. புகையிலை தேமல் வைரஸ் வகையறா, ஒரு செடிச் சாற்றிலிருந்து அடுத்த செடிக்குக் கத்தி வழியாகவே போகும். ஆள் பறித்தாலும் போகும், ஆனால் ரோபோ ஒரே கத்தியோடு வரிசை முழுக்க நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நெதர்லாந்தில் வெள்ளரி பறிக்கும் ரோபோ செய்தவர்கள் இதற்காகவே கத்திக்குப் பதில் சூடாக்கிக் காம்பை எரித்து வெட்டும் கருவி வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், வண்டியில் ஒரு கிண்ணம் வைத்து அவ்வப்போது கத்தியைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்லிப் புரோகிராமில் ஒரு வரி எழுதுங்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைசலும் பயன்படும்.

ஓட்டும் வரிசை, நேரம்

படம் எடு, முன்னால் இருக்கும் காயைத் தேர்ந்தெடு, கிட்டப் போ, கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து இடத்தைத் திருத்து, கப்பால் தொடு, அழுத்தம் பார், வெட்டு, பின்வாங்கு, இன்னும் பிடியில் இருக்கிறதா என்று அழுத்தம் பார், டிரேயில் வை. எந்த இடத்தில் தோற்றாலும் இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம், விட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போகட்டும். ஒரு காய் போனதும் பழைய படத்தை வைத்து அடுத்த காய்க்குப் போகாதீர்கள், கயிற்றில் தொங்கும் செடி, பாரம் இறங்கியதும் மேலே எழும்பும், எல்லாக் காயும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

ஸ்வீப்பருக்கு ஒரு காய்க்கு ஆன சராசரி நேரம் 24 நொடி. அதில் 7.8 நொடி காயைக் கொண்டுபோய்க் கொட்டவும் 4.7 நொடி வண்டியை நகர்த்தவும் போனது, அதாவது பாதி நேரம் பறிப்பதற்கே இல்லை. அதனால் டிரேயைக் கீழே வைக்காமல் கையோடு கூடவே ஏறி இறங்கும்படி வையுங்கள், அல்லது ஒரு துணிக் குழாயைத் தொங்கவிட்டு அதில் காய் வழுக்கி இறங்கட்டும், அடியில் ஸ்பான்ஜ் போடுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 24 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 150 காய், காய் 180 கிராம் என்றால் 27 கிலோ, அதுவும் ஒவ்வொரு முயற்சியும் வெற்றி என்றால். பழகிய ஆளுக்கு ஒரு காய் சில நொடி வேலை. ஆகவே இதை நாளைக்கே விற்கிற சாமான் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிளைக் காற்றால் உறிஞ்சிப் பறித்த அமெரிக்காவின் அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ் 2019-இல் நியூசிலாந்துத் தோட்டத்தில் வணிக அறுவடை வரை போய், 2021-இல் மூடப்பட்டது. என் அபிப்பிராயம், உங்கள் ரோபோவில் முதலில் காசு தரக்கூடியது கை அல்ல, கண். வரிசை நெடுகத் தள்ளிக்கொண்டு போய், அடுத்த வாரம் எத்தனை காய் நிறம் மாறும் என்று எண்ணிச் சொன்னாலே வியாபாரியிடம் பேசப் பாலிஹவுஸ்காரருக்கு அது உதவும்.

சோதிக்கிற விதம்

வெற்றி சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பறிக்க வேண்டிய காய்களுக்கு முன்கூட்டியே நீங்களே பாதையில் நின்று எண் போட்ட சீட்டு கட்டுங்கள், கேமராவுக்குத் தெரியாத இடத்தில். பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் என்ன ஆனது என்று எழுதுங்கள்: பார்க்கவே இல்லை, பார்த்தது ஆனால் இடம் தப்பு, கப் பிடிக்கவில்லை, வெட்டவில்லை, வெட்டிக் கீழே போட்டது, காயில் காயம், தண்டில் காயம், சரியாகப் பறித்தது. கவாத்து செய்த வரிசைக்கு ஒரு தாள், செய்யாத வரிசைக்கு ஒரு தாள். பெரும்பாலான தோல்வி எந்தக் கட்டத்தில் குவிகிறதோ அடுத்த வார வேலை அங்கேதான்.

அவசர நிறுத்தப் பட்டன் ஆர்டுயினோவுக்குச் செய்தி அனுப்பக்கூடாது, மோட்டாருக்கும் கத்திக்கும் போகும் மின்சாரத்தையே அறுக்க வேண்டும். பாலிஹவுஸில் ஆட்கள் பாதையில் குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருப்பார்கள், குழந்தைகள்கூட வரும். ஃபாகர் (நீரைப் பனியாகத் தூவும் கருவி) ஓடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதிகாலையில் கேமராக் கண்ணாடியில் பனி படியும், கோடை மதியத்தில் உள்ளே நாற்பது டிகிரி தாண்டும்போது கம்ப்யூட்டர் சூடேறி மெதுவாகிவிடும்.

நாற்று நட்டதிலிருந்து கலர் காய் பறிப்புக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதை வைத்துத் திட்டம் போடுங்கள். நடும்போதே வரிசையைப் பேசி வாங்கி, தண்டு விடும் வேலையை ஆரம்பித்துவிட்டு, செடி வளரும் காலத்தில் சட்டத்தையும் கத்தியையும் செய்யுங்கள். முதல் பறிப்பில் படம் மட்டும் எடுங்கள், கத்தி பக்கமே போகாதீர்கள். கத்தியோடு முதல் சோதனைக்கு, பயிர் முடிந்து பிடுங்கப் போகும் வரிசை எங்காவது இருந்தால் அதைக் கேளுங்கள், தண்டு ஒன்றிரண்டு அறுந்தாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.